பெரிய ஹவுண்ட் நாய் வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய ஹவுண்ட், அதாவது வேட்டை நாய், வாங்க நினைப்பவர்கள் அதன் உயரத்தையும் எடையையும் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். எந்த வேலைக்காக அந்த இனம் உருவாக்கப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. கிரேஹவுண்டும் ஐரிஷ் வூல்ஃப்ஹவுண்டும் கண்ணில் பட்டதைத் துரத்துபவை. பிளட்ஹவுண்டும் கூன்ஹவுண்டும் மோப்பத்தைத் தொடர்ந்து போகிறவை. இரண்டு வகையுமே வேட்டைக்காரரை விட்டு வெகுதூரம் போய், தானாக முடிவெடுத்துப் பழகியவை. கூப்பிட்டும் திரும்பாத ஹவுண்டைத் திமிர் பிடித்தது என்று அடிப்பது மிகவும் தப்பு. இவற்றில் பல, சுபாவத்தில் மென்மையானவை. ஒரு அதட்டலுக்கே ஒடுங்கிப்போகும், அப்புறம் எதையும் கற்றுக்கொள்ளாது. தின்பண்டம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும்.

எவ்வளவு பழக்கினாலும் திறந்தவெளியில் அவிழ்த்து விடாதீர்கள். வீட்டுக்குள் ஒரே குரலுக்கு ஓடி வரும் நாய்க்கு, வெளியே ஒரு பூனையைக் கண்டதும் உங்கள் குரல் காதில் விழாது. கிரேஹவுண்ட் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. நீங்கள் இரண்டாவது முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் அது சாலையில் இருக்கும். உயரமான வேலிக்குள் மட்டும் ஓட விடுங்கள். கழுத்துப் பட்டையிலும் கவனம் தேவை. கிரேஹவுண்டின் தலை குறுகலானது, சாதாரணப் பட்டையிலிருந்து பின்வாங்கி எளிதாக நழுவிவிடும். இழுக்கும்போது ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் சரி. நீண்டுகொண்டே போகும் சுருள் கயிறு வேண்டவே வேண்டாம். முழு வேகத்தில் ஓடி அதன் முனையில் வெட்டி நின்றால் நாயின் கழுத்து அடிபடும், பிடித்திருப்பவரும் விழுவார்.

குட்டியைச் சீக்கிரம் பெரிதாக்கும் ஆசையில் அளவுக்கு மேல் தீனியும் கால்சியமும் கொடுக்கிறார்கள். இதனால் எலும்பும் மூட்டும் கெடலாம். மிகப் பெரிய இனங்களில் எலும்பு வளர்ச்சி முடிய ஒன்றரை வருடம்கூட ஆகலாம். அதுவரை பெரிய இனக் குட்டிகளுக்கான தீனி போதும், கால்சியம் மாத்திரையைச் சொந்தமாகச் சேர்க்காதீர்கள். உயரத்திலிருந்து குதிக்க விடுவது, உங்கள் கூடவே நெடுந்தூரம் ஓட வைப்பது இரண்டையும் தள்ளிப் போடுங்கள்.

இனி நான் அதிகம் பயப்படும் விஷயம். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிற்றில் காற்று நிறைந்து, இரைப்பையே முறுக்கிக்கொள்வது உண்டு. ரத்த ஓட்டம் தடைபட்டு சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வயிறு உப்புவது, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் ஓங்கரிப்பது, எச்சில் ஒழுகுவது, ஒரு இடத்தில் படுக்க முடியாமல் தவிப்பது ஆகியவை அறிகுறிகள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும், கஷாயம் கொடுத்துப் பார்ப்பதும் நாயைக் கொன்றுவிடும். இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று நாய் வீட்டுக்கு வரும் முன்பே தெரிந்து வைத்திருங்கள். தீனியை ஒரே வேளையாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டதும் ஓடியாட விடாதீர்கள். கருத்தடை அறுவை சிகிச்சையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிட முடியும். முறுக்கிக்கொள்ளும் ஆபத்தை அது வெகுவாகக் குறைக்கும், மருத்துவரிடம் கேளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள், அதைப் பற்றி இன்னொன்று. கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி நாய்களின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டால் வகை மருந்து கொடுத்தால் மயக்கம் தெளிய வெகு நேரம் பிடிக்கும். என்ன இனம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சத்தத்தையும் யோசியுங்கள். மோப்ப ஹவுண்டின் ஊளை தொலைவில் வரும் வேட்டைக்காரருக்குக் கேட்பதற்காகவே வளர்க்கப்பட்ட குரல். சுவர் ஒட்டிய வீட்டில், நாள் முழுக்கத் தனியாக விட்டுப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. கிரேஹவுண்டோ ஓடி முடித்ததும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அதற்குத் தடிமனான மெத்தை வேண்டும், வெறும் தரையில் படுத்தால் முழங்கைகள் காய்த்துப்போகும். மோப்ப ஹவுண்டின் தொங்கும் காதுகளுக்குள் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும், வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

வயதான பெரிய நாய் நொண்டினால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். இந்த இனங்களில் எலும்புப் புற்றுநோய் வருவது அதிகம். சில நாட்களில் சரியாகவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.