புர்ஜ் கலீஃபா மேலே நின்றால் புர்ஜ் கலீஃபா தெரியாது: துபாய் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புர்ஜ் கலீஃபாவின் 124-ஆவது மாடி. ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எல்லாம் சரிடா, அந்தக் கட்டடம் எங்கே?" என்றார். எந்தக் கட்டடம் என்று கேட்டேன். "அதான், போட்டோவில் எல்லாம் வருமே, ஊசி மாதிரி." அந்த ஊசிக்குள்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

சிரிப்பு வந்தாலும், துபாயில் பணமும் நேரமும் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். என்னென்ன பார்க்க வேண்டும் என்கிற பட்டியல் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அவற்றை எங்கே நின்று, எந்த நேரத்தில் பார்ப்பது என்று மட்டும் யாரும் யோசித்து வருவதில்லை. துபாயில் கராமா என்கிற பகுதியில் இருந்துகொண்டு, வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் சுற்றிக் காட்டியதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 828 மீட்டர் கட்டடம். 2010 ஜனவரியில் திறந்தார்கள். 124, 125 மாடிகளுக்கு ஒரு டிக்கெட், 148-ஆவது மாடிக்கு அதைவிட விலை கூடிய டிக்கெட். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு 124, 125 போதும் என்பது என் கருத்து. 148-இல் கூட்டம் குறைவு, உபசாரம் அதிகம். கீழே கார்கள் இன்னும் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். சூரியன் மறையும் நேரத்து டிக்கெட்டுக்கு விலை ஏறும், அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்று போய் நிற்காமல் ஆன்லைனிலேயே நேரம் பார்த்து எடுத்துவிடுங்கள். விலை ஏறும் நேரத்துக்குச் சற்று முன்பாக ஏறினால், மேலேயே காத்திருந்து அந்திப் பொழுதையும் பார்த்துவிடலாம். இந்த உயரத்தில் சூரியன் மறைவதே தாமதமாகத்தான். ரமலான் மாதத்தில் 80 மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150-க்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் கழித்தே நோன்பு திறக்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

கட்டடத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கீழே வாருங்கள். துபாய் மால் ஏரிக்கரையிலும், சூக் அல் பஹார் பக்கம் போகும் பாலத்திலும் நின்றால் அடியிலிருந்து நுனி வரை தெரியும். மாலை 6 மணிக்கு மேல் அரை மணிக்கு ஒருமுறை அங்கே நீரூற்று ஆடும். கரையில் நின்று பார்க்கக் காசு வேண்டாம். மாலுக்குள் இருக்கும் மீன் தொட்டியும் அப்படித்தான். 1 கோடி லிட்டர் தண்ணீர், அதில் சுறாக்கள். சுரங்கப்பாதைக்குள் போகத்தான் டிக்கெட். முன்பக்கக் கண்ணாடியை வழியில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கலாம். குழந்தைகள் அங்கேயே திருப்தியாகிவிடுவார்கள்.

இதே குழப்பம் பாம் ஜுமைராவிலும் உண்டு. பேரீச்சை மர வடிவத்தில் கடலுக்குள் மணல் கொட்டி உண்டாக்கிய தீவு அது. மோனோரயிலில் ஏறிக் கடைசி வரை போய்விட்டு, "மரம் எங்கே?" என்று கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. தரையிலிருந்து தெரிவது வீடுகளும் சாலையும்தான். மரம் தெரிய வேண்டுமென்றால் தீவின் நடுவில் இருக்கும் கோபுரத்தின் 52-ஆவது மாடிக்கு, அதாவது 240 மீட்டர் உயரத்துக்கு, டிக்கெட் எடுத்து ஏற வேண்டும். ஒரே ஒரு உயரத்துக்குத்தான் பட்ஜெட் இடம் கொடுக்கிறது என்றால், புர்ஜ் கலீஃபாவா இதுவா என்று வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டுமே வேண்டாம், செலவு குறைவாக இருக்கட்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது துபாய் ஃப்ரேம். ஸபீல் பூங்காவில் 150 மீட்டர் உயரத்துக்கு ஒரு படச்சட்டத்தை நிறுத்தி வைத்தது மாதிரி இருக்கும். 2018-இல் திறந்தது. மேலே ஒரு பக்கம் தேரா என்கிற பழைய பகுதி, மறு பக்கம் ஷேக் சாயித் சாலையின் கோபுர வரிசை. புர்ஜ் கலீஃபாவும் கண்ணில் படும்! சித்தப்பாவை முதலில் இங்கே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

பாய்மரம் போல நிற்கும் புர்ஜ் அல் அரப் ஹோட்டலுக்கு டாக்ஸி பிடித்துப் போய்ப் பாலத்தின் வாசலிலேயே திரும்பி வருகிறவர்களும் உண்டு. அறையோ, உணவகத்தில் மேசையோ, சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டோ பதிவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள். போட்டோவுக்குப் பக்கத்து உம் சுகைம் கடற்கரையே போதும். மியூசியம் ஆஃப் தி ஃபியூச்சருக்கும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சுவர் முழுக்க அரபு எழுத்துகளே ஜன்னலாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் அழகில் முக்கால்வாசி வெளியில்தான் இருக்கிறது என்பேன். நேரமில்லை என்றால் மெட்ரோவிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம்.

எப்போது போவது?

நம் ஊரில் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். துபாய்க்குக் கிளம்புவதும் அப்போதுதான், சிக்கலும் அங்கேதான். பல நாட்டுக் கடைகளும் அரங்குகளும் இருக்கும் குளோபல் வில்லேஜ் அக்டோபரில் திறந்து மே மாதத்தில் மூடிவிடும். பூக்களாலேயே விமானம் செய்து வைத்திருக்கும் மிராக்கிள் கார்டனும் கோடையில் கிடையாது. ஜூன், ஜூலையில் வெயில் 40 டிகிரிக்கு மேல். புழுக்கமும் தூசியும் சேர்ந்து மூட்டம் போட்டுவிடும், காசு கொடுத்து ஏறிய 124-ஆவது மாடியிலிருந்து வெறும் பழுப்புதான் தெரியும். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அரையாண்டு விடுமுறையில் போகலாம், ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் விலை எகிறும். டிசம்பர் 31 அன்று வாணவேடிக்கைக்காக, புர்ஜ் கலீஃபா இருக்கும் டவுன்டவுன் பகுதிச் சாலைகளை அடைத்து, அங்குள்ள மெட்ரோ நிலையத்தையும் மாலையிலேயே மூடிவிடுவார்கள்.

தூரமும் ஏமாற்றும். அதோ தெரிகிறதே என்று ஹோட்டலிலிருந்து நடக்க ஆரம்பிப்பீர்கள். நடுவில் பன்னிரண்டு வழிச் சாலை குறுக்கே நிற்கும், மெட்ரோ நிலையத்து மேம்பாலத்தைத் தவிர கடக்க வழி இருக்காது. "துபாய் மால் நிலையம்" என்று இறங்கினாலும் குளிரூட்டிய பாலத்தில் 10, 15 நிமிடம் நடந்துதான் மாலுக்குள் போக முடியும். முழங்கால் வலி இருக்கும் பெரியவர்களோடு போனால் இதையும் கணக்கில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்வதுதான் நல்லது. மெட்ரோவில் சாப்பிட்டால், சூயிங்கம் மென்றால் 100 திர்ஹாம் அபராதம். பெண்கள் பெட்டியில் தெரியாமல் ஏறிவிட்ட ஆண்களுக்கும் அபராதம்தான். தரையில் இளஞ்சிவப்புக் கோடு போட்டிருக்கும், குனிந்து பாருங்கள்.

பாலைவன சஃபாரி

விலை மலிவு என்று ஒருமுறை நானே ஏமாந்தேன். மணல் மேட்டில் வண்டி ஓடியது கால் மணி நேரம்கூட இருக்காது. அதற்கு முன்னால் மோட்டார் பைக் வாடகைக்கு விடும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்துவிட்டார்கள். மணலில் எத்தனை நிமிடம், வீட்டு வாசலுக்கே ஜீப் வருமா அல்லது பஸ்ஸில் கூட்டிப்போய் மாற்றுவார்களா, எதெதற்குத் தனிக் காசு என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டை அன்று அரை வயிற்றோடு நிறுத்துங்கள். மணல் தொடங்கும் இடத்தில் டிரைவர் இறங்கி நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கி விடுவார், 'உஸ்' என்று சத்தம் கேட்கும். சித்தி அதைப் பார்த்து "பஞ்சரா?" என்றார். டயர் தட்டையானால்தான் மணலில் புதையாது. அடுத்த ஐந்தாவது நிமிடம், கராமாவில் சாப்பிட்ட பிரியாணி அவருடைய பிளாஸ்டிக் பையில் இருந்தது. கர்ப்பிணிகளும் முதுகு வலி உள்ளவர்களும் இந்தக் குலுக்கலைத் தவிர்த்துவிட்டு, நேராகக் கூடாரத்துக்குப் போகும் வண்டி கேட்கலாம்.

பழைய துபாயை விட்டுவிடுவது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நாலு நாளும் மாலும் கோபுரமுமாக முடித்துவிட்டு ஏர்போர்ட் போகிறார்கள். கிரீக் என்கிற உப்பங்கழிதான் இந்த ஊருக்குத் தாய்வீடு. வெயில் தாழ்ந்ததும் பர் துபாயில் அல் ஃபஹீதி சந்துகளில் ஆரம்பியுங்கள். வீடுகளின் தலையில் நாலு பக்கமும் திறந்த சதுரக் கோபுரங்கள் இருக்கும், அரபியில் பார்ஜீல் என்பார்கள். எந்தப் பக்கக் காற்றையும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும், மின்சாரம் வருவதற்கு முந்தைய ஏசி. பக்கத்தில் 1787-இல் கட்டிய கோட்டை. அங்கிருந்து துணிக்கடைத் தெரு வழியாகப் படகுத்துறை.

அப்ரா என்கிற மரப்படகில் அக்கரைக்கு 1 திர்ஹாம்தான். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் முதுகோடு முதுகாக ஒரே பெஞ்சு, அதற்கு நடுவில் ஒரு குழியில் இறங்கி நின்றபடி படகுக்காரர் ஓட்டுவார். கைப்பிடிக் கம்பி கிடையாது, குழந்தைகளை உள்பக்கமாக உட்கார வையுங்கள். துறையில் "பிரைவேட் போட், பிரைவேட் போட்" என்று கூப்பிடுகிறவர்களைக் கடந்து, வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் வரிசைக்குப் போங்கள். அக்கரையில் குளிர்சாதனப் பெட்டியும் டயரும் அடுக்கிய மரக்கலங்கள் சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும். சித்தப்பா இதை அரை மணி நேரம் பார்த்தார். 124-ஆவது மாடியில் பத்து நிமிடத்தில் கிளம்பலாமா என்று கேட்ட மனிதர்!

தேராவில் இறங்கினால் வாசனைப் பொருள் சந்தை, அடுத்து தங்கச் சந்தை. "வாட்ச், பேக்" என்று காதோரம் முணுமுணுத்து மாடிப்படி ஏறச் சொல்கிறவர்களோடு போக வேண்டாம், எல்லாம் போலிச் சரக்கு. தங்கத்தின் கிராம் விலை அன்றன்றைக்கு ஊர் முழுக்க ஒன்றுதான். பேரம் எல்லாம் செய்கூலியில். ரசீதில் கேரட், எடை, செய்கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்று நம் ஊர் சுங்கத்தில் சொல்லும் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான். நாலு நாள் டூருக்கு அது பொருந்தாது. சென்னையில் வரி கட்டச் சொன்னால் சண்டை போட்டுப் பயனில்லை.

பெட்டி கட்டும்போதே ஒன்றைக் கவனியுங்கள்: கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். அக்கா வீட்டுக்குக் குருமா மசாலா அரைத்துக்கொண்டு போகிறேன் என்று அதில் கசகசா சேர்த்துவிடாதீர்கள், கேஸாகிவிடும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு டாக்டர் சீட்டோடு அங்குள்ள அனுமதியும் தேவை. இறங்கியதும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்குக் கூப்பிட்டால் போகாது, செய்தி மட்டும்தான் போகும். போன் ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். முன்பின் தெரியாதவர்களை, முக்கியமாகப் பெண்களை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அங்கே அது போலீஸ் வரை போகிற விஷயம்.

சித்தி சுங்கக் கணக்கை என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தங்கக் கடை வாசலிலேயே திரும்பிவிட்டார். ஊருக்குக் கொண்டுபோனது இரண்டு கிலோ பேரீச்சையும், சின்ன டப்பாவில் ஈரான் குங்குமப்பூவும்.