ஈஈஜி ஆய்வகமும் மென்பொருள் குழுவும் சேர்ந்து வேலை பார்க்க

தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவதுதான் ஈஈஜி. பெங்களூரில் நிம்ஹான்ஸ், ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ் என மூளை ஆராய்ச்சிக்கு இடங்கள் உண்டு. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. இரண்டு தரப்பும் சேரும்போது வேலை கெடுவது பெரும்பாலும் அல்காரிதத்தில் அல்ல, நேரக் கணக்கில்: படம் காட்டிய நேரமும் மூளை அலை பதிவான நேரமும் பொருந்தாமல் போவதில். ஆப் எழுதும் முன் அதைச் சரிபாருங்கள்.

60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி. "படம் காட்டு" என்று கட்டளை போன நேரத்தை டெவலப்பர் லாகில் (மென்பொருளின் குறிப்பேட்டில்) எழுதுவார். திரையில் படம் விழ ஓரிரு ஃபிரேம் பிந்தும். ப்ளூடூத் ஈஈஜி ஹெட்செட் என்றால் தாமதம் ஒவ்வொரு முறையும் மாறும். ஒரே அளவான தாமதத்தைக் கழித்துவிடலாம். மாறும் தாமதம், பி300 (படம் தெரிந்து சுமார் 300 மில்லி விநாடியில் எழும் மூளை அலை) போன்ற அலையைச் சராசரி எடுக்கும்போது மழுங்கடித்துவிடும்.

திரை மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம் படத்தோடு சேர்ந்து மின்னட்டும். அதன்மேல் ஃபோட்டோடையோடை (வெளிச்சத்தை மின்சைகையாக்கும் சிறு உணரி) ஒட்டி, ஈஈஜி ஆம்ப்ளிஃபயரின் துணை உள்ளீட்டில் செருகுங்கள். 200 முறை மின்னவிட்டு, மென்பொருள் போட்ட குறிக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளியை வரைந்து பாருங்கள். சிதறல் சில மில்லி விநாடிக்குள் நின்றால் போதும். இரண்டு கணினிகள் இருந்தால், கடிகாரங்களை ஒத்திசைக்க இலவசமாகக் கிடைக்கும் லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற மென்பொருள் உதவும்.

மின்முனைகள் உள்ள ஈஈஜி தொப்பி மாட்டுவதை டெவலப்பர்கள் ஒருநாளாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் ஜெல் தோலைச் சரியாகத் தொடாது. இம்பீடன்ஸ் (தோலுக்கும் மின்முனைக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோஓமுக்குக் கீழே இறங்க மறுக்கும். எண்ணெய் வைக்காமல், ஷாம்பு போட்டுக் குளித்து, பூ வைக்காமல் வரும்படி அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் மின்சார இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் குறையும். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள்: பின்தலையில் ஓ1, ஓ2 சேனல்களில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா அலை எழும்ப வேண்டும். அது பின்தலையைவிட நெற்றிச் சேனலில் பலமாகத் தெரிந்தால் மென்பொருளில் சேனல் வரிசை புரண்டிருக்கலாம். (சிலருக்கு ஆல்ஃபா இயல்பிலேயே மெலிவு, இன்னொருவரையும் வைத்துப் பாருங்கள்.)

மூளை அலையைப் படிக்கும் மாடல் 95 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று டெவலப்பர் வந்து நின்றால், டேட்டாவை எப்படிப் பிரித்தார் என்று முதலில் கேளுங்கள். ஒரே ஆளின் பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, பயிற்சிக்கும் சோதனைக்கும் கலந்து போட்டால், மாடல் மூளை வேலையைக் கற்பதில்லை, ஆளை அடையாளம் காணக் கற்கிறது. ஆள்வாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். எண் விழும், ஆனால் அதுதான் நிஜ எண். ஃபில்டர் போடாத மூலப் பதிவு பிட்ஸ் (மூளைப் பதிவுக் கோப்புகளை ஒரே விதமாக அடுக்கும் பொது முறை) அடுக்குமுறையில், யாரும் தொடாமல் இருக்கட்டும்.

நெறிமுறைக் குழு அனுமதி பதிவுக்கு முன்பே வேண்டும். டேட்டா மென்பொருள் நிறுவனத்துக்குப் போகும் என்பதை ஒப்புதல் படிவத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில், கன்னடத்திலோ தமிழிலோ. பெயர்ப் பட்டியல் ஆய்வகத்திலேயே இருக்கட்டும், வெளியே போவது குறியீட்டு எண் மட்டும். பதிவெல்லாம் முடிந்தபின் இது ஞாபகம் வந்தால், ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து மறுபடி கையெழுத்து வாங்க வேண்டியதுதான்.