'கன்வீனியன்ட்' சொல்லித் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வந்த பெரியவர்களுக்கான மாலை நேர ஆங்கில வகுப்பு. புதிதாகச் சேர்ந்த தமிழ் ஆசிரியர் பலகையில் 'கன்வீனியன்ட்' என்று எழுதினார். சமக்குறி போட்டு, பக்கத்தில் 'ஃபாங்பியன்' என்ற சீனச் சொல்லை எழுதினார். பின்வரிசையில் இருந்த எனக்குச் சுருக்கென்றது. அதே சமக்குறியை நானும் ஒரு காலத்தில் போட்டவன்.

சமக்குறி

சீன மொழியில் 'நி ஷென்ம ஷிஹோவ் ஃபாங்பியன்?' என்றால் 'உங்களுக்கு எப்போது தோதுப்படும்?' என்று பொருள். ஆனால் அங்கே எழுவாய் 'நீ'. ஆங்கிலத்தில் நேரமோ இடமோ ஏற்பாடோதான் எழுவாய். ஆள் 'ஃபார்' என்பதற்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்: 'டியூஸ்டே இஸ் கன்வீனியன்ட் ஃபார் மீ.' நாம் 'எனக்குச் செவ்வாய் தோதுப்படும்' என்று நான்காம் வேற்றுமையிலேயே பேசிப் பழகியவர்கள். நமக்கு வராத பிழை என்பதால் அது மாணவருக்கு வரும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

நேர்காணலுக்கு நாள் கேட்ட நிறுவனத்துக்கு என் மாணவி ஒருவர் 'ஐ ஆம் கன்வீனியன்ட் எனி டைம்' என்று பதில் எழுதினார். வேண்டும்போது பயன்படுத்திக்கொள்ளக் கைக்கெட்டும் ஆள் நான் என்ற தொனி அதில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அனுப்பிவிட்டுப் பெருமையாக என்னிடம் காட்டினார். அவர் நோட்டைத் திருப்பினால் என் சமக்குறி, சிவப்பு மையில் கட்டம் கட்டி. அழைப்பு வரவில்லை. அந்த வரிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது அந்தச் சொல்லைத் தனியாக எழுதுவதே கிடையாது. 'இஸ் ___ கன்வீனியன்ட் ஃபார் யூ?' என்று முழு வாக்கியமாக எழுதி, கோடிட்ட இடத்தில் கிழமையை மட்டும் மாற்றச் சொல்வேன். ஆளைத்தான் முதலில் வைப்பேன் என்று அடம்பிடிப்பவருக்கு 'ஃப்ரீ' இருக்கிறது, 'அவெய்லபிள்' இருக்கிறது.

ஃபாங்பியனின் மற்ற வேலைகள்

'ஃபாங்பியன்மியன்' உடனடி நூடுல்ஸ். 'ஃபாங்பியன் செய்துவிட்டு வருகிறேன்' என்றால் கழிப்பறைக்கு. 'ஷோவ்தோவ் பு ஃபாங்பியன்' ('ஷோவ்' என்றால் கை) என்றால் கையில் காசில்லை, நம் 'வசதியில்லை' போல. இவை எதற்கும் கன்வீனியன்ட் உதவாது. ஒரு மாணவர் 'மை ஹேண்ட் இஸ் நாட் கன்வீனியன்ட்' என்றதும் கையில் அடிபட்டுவிட்டதோ என்று பதறினேன். அவருக்குத் தேவைப்பட்டது கட்டணத்துக்குத் தவணை.

கம்ஃபர்டபிள்

தமிழில் இரண்டையும் 'வசதி' என்றுவிடுவோம். ஆங்கிலத்தில் நாற்காலி கம்ஃபர்டபிள், வீட்டருகே பஸ் நிறுத்தம் கன்வீனியன்ட்.

கன்வீனியன்ட்லி

'ஹி கன்வீனியன்ட்லி ஃபர்காட்' என்பது குத்தல். கடன் வாங்கியவர் தமக்குத் தோதாக மறந்துவிட்டார்.