பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லையா? ஒன்ராறியோவில் எங்கே தொடங்குவது

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். குசினியில் பிஸ்கட் பைக்கற் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடிவருவான். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கவும் மாட்டான், விரலால் காட்டவும் மாட்டான்; அம்மாவின் கையை இழுத்துப்போய் ஃபிரிட்ஜ் கதவில் வைப்பான். கெட்டிக்காரன் என்று வீடே ரசிக்கும். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம்" என்று அம்மம்மா ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் சொல்லுவார். கனடாவுக்கு வந்த புதிதில், வேலை தேடுகிற அலைச்சலில், அந்தப் பதில் நமக்கும் வசதியாகத்தான் இருக்கும்.

ஆனால் இவை ஓட்டிசத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்; பேச்சு, பிறரோடு பழகுவது, நடத்தை எல்லாம் வேறுமாதிரி வளர்கிற நிலை அது. சரி, எதைக் கவனிப்பது? 1 வயதில் பெயருக்குத் திரும்பாதது, 18 மாதத்தில் எதையும் சுட்டிக்காட்டாதது, 2 வயதில் "பால் தா" மாதிரி இரண்டு சொல் சேர்க்காதது. விளையாட்டுக் காரை ஓட்டாமல் சில்லை மட்டும் சுழற்றுவது, மிக்ஸி போட்டால் காதைப் பொத்தி அலறுவதும் உண்டு. இருந்த சொற்களே மறைந்துபோனால், எந்த வயதானாலும் ஒரு நாளும் பிந்தவேண்டாம். இதில் ஒன்று இருந்தவுடனே ஓட்டிசம் என்றில்லை. காது கேட்கிறதா என்றும் சோதிக்கவேண்டும்.

இங்கே 18 மாதத்தில் குடும்ப வைத்தியர் பிள்ளையின் வளர்ச்சியை விரிவாகப் பார்ப்பார். நம்மில் பலர் அதை ஊசி போடுகிற நாளென்று நினைத்து, "எல்லாம் நல்லம்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம். வீட்டில் நடப்பதை ஃபோனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வைத்தியரின் அறையில் பிள்ளை சாதுவாக இருந்துவிடும். குழந்தைநல நிபுணரிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டை இருந்தால் அவரைப் பார்க்கக் காசில்லை. தனியார் உளவியலாளரிடம் கெதியாக முடியலாம். ஆனால் ஆயிரக்கணக்கில் டொலர் போகும்.

ஓட்டிசம் என்று எழுதிய கடிதம் கைக்கு வந்த அன்றே அக்செஸ்ஓஏபியில் பதியுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான மாகாண ஓட்டிசத் திட்டத்தில் சேரும் வாசல் அதுதான். சிகிச்சைப் பணத்துக்கான வரிசை வருடக்கணக்கில் நீளும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பெற்றோருக்கான இலவசப் பயிற்சிகளுக்கு அந்த வரிசை இல்லை.

அந்தக் கடிதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளுக்கான பேச்சுப் பயிற்சிக்கு ரொறன்ரோவில் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். வேறு நகரமென்றால், எந்தச் சேவை எங்கே என்று சொல்லும் 211 என்ற தொலைபேசி எண்ணுக்கு அடித்துக் கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் சொல்லுங்கள்.

"வீட்டில் இங்கிலிஷ் மட்டும் கதையுங்கோ" என்று யாராவது சொல்லக்கூடும். கேட்காதீர்கள். இரண்டு மொழியால் ஓட்டிசம் வருவதில்லை, கூடுவதுமில்லை. அம்மம்மாவுக்கு வராத மொழியில் பிள்ளை அவரோடு எப்படிக் கதைக்கும்? முழுதாகக் குணமாக்குகிறேன் என்று ஸ்டெம் செல் ஊசியும் மருந்தும் விற்பவர்களிடம் காசைக் கொட்டவேண்டாம். அப்படிக் குணமாக்கும் மருந்து கிடையாது. பேச்சுப் பயிற்சியும் அன்றாடப் பழக்கங்களுக்கான பயிற்சியும் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் செய்யும்.

பள்ளி தொடங்கமுன்னரே அதிபரிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம், அதாவது ஐஇபி, வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம், ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: எந்தச் சத்தத்துக்குப் பயம், எதைக் கொடுத்தால் அழுகை நிற்கும், "ம்பா" என்றால் என்ன. அது தண்ணீர் என்று உங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.