இரண்டு வெள்ளைப் பொடி, ஒரு திரவம்: ஆழ் யூடெக்டிக் கரைப்பான் செய்து பார்ப்போம்

யூரியா 133 டிகிரி செல்சியஸில் உருகும். கோலின் குளோரைடு என்ற உப்போ 302 டிகிரி வரை தாக்குப்பிடித்து, உருகும் கட்டத்தில் சிதையவும் தொடங்கிவிடும். ஒரு மோல் கோலின் குளோரைடுக்கு இரண்டு மோல் யூரியா, அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்தால், கிடைப்பது திரவம். 2003-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபாட் குழு இதை வெளியிட்டபோது சொன்ன உறைநிலை 12 டிகிரி. 'யூடெக்டிக்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு எளிதில் உருகுவது என்று பொருள். இப்படித் தன் பகுதிப்பொருள்களைவிட மிகத் தாழ்ந்த சூட்டிலேயே உருகும் கலவைதான் ஆழ் யூடெக்டிக் கரைப்பான்.

முதல் படி, பொருள் வாங்குவது. உரக்கடை யூரியா வேண்டாம். இந்தியாவில் அது வேப்பெண்ணெய் பூசி வருகிறது. கோழித் தீவனத்துக்கு விற்கும் கோலின் குளோரைடும் உதவாது, அதில் பெரும்பாலும் மக்காச்சோளத் தக்கைத் தூள் கலந்திருக்கும். ஆய்வகத் தரத்திலேயே வாங்குங்கள்.

அடுத்தது உலர்த்துவது. எல்லோரும் அலட்சியம் செய்யும் படி இதுதான். கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே நீர்த்துப்போகும். ஒரு மழைக்காலத்தில் புட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். அன்று கலவை நொடியில் திரவமானது. திறமை என்று மகிழ்ந்தேன். நான் செய்திருந்தது உப்புக் கரைசல். வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் இரவு முழுவதும் வைத்து எடுங்கள்.

இனி எடை: கோலின் குளோரைடு 14 கிராம், யூரியா 12 கிராம். மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் போட்டு, 80 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கலக்குங்கள். பொடிகள் தொட்டுக்கொள்ளும் ஓரங்களில் முதலில் ஈரம் தெரியும். பிறகு கூழாகி, மெல்லத் தெளியும். அம்மோனியா வாடை வந்தால் சூடு மிஞ்சி யூரியா சிதைகிறது என்று பொருள்.

உள்ளே நடந்தது என்ன? யூரியாவின் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜன்களும் கோலினின் ஹைட்ராக்சில் ஹைட்ரஜனும் குளோரைடு அயனியைப் பிடித்துக்கொள்கின்றன. படிகத்தில் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தவை இப்போது பலவிதமாகப் பிணைய முடிகிறது, அதனால் உறைவது கடினமாகிறது. குளோரைடு மட்டுமே காரணம் என்று படம் போட்டு விளக்குவதை நான் ஏற்பதில்லை. யூரியா தன் இனத்தோடும் பிணைந்தபடிதான் இருக்கிறது. இந்தப் பிணைப்புகள் பிக்கோ விநாடிக் (விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கணக்கில் அறுந்து, மீண்டும் சேர்கின்றன.

அந்த இழுபறியைக் கண்ணால் பார்க்கலாம். திரவத்தை ஒல்லியான சோதனைக்குழாயில் ஊற்றி, சைக்கிள் பால்ரஸ் குண்டு ஒன்றைப் போடுங்கள். 25 டிகிரியில் இதன் பாகுநிலை, அதாவது ஓடவிடாத கெட்டித்தன்மை, ஏறத்தாழ 750 மில்லிபாஸ்கல் விநாடி, விளக்கெண்ணெய்க்குப் பக்கத்தில். குண்டு நிதானமாக இறங்கும். 60 டிகிரிக்குச் சூடாக்கிப் போட்டால் சட்டென்று அடியில் தட்டும்.

சில துளி தண்ணீர் விட்டாலும் இளகிவிடும். ஆனால் இளகியதும் உள்ளே இருந்த பிணைப்பு அமைப்பு கலைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாத் பல்கலைக்கழகக் குழு 2017-இல் நியூட்ரான் சிதறல் வழியே பார்த்தபோது, எடையில் 42 விழுக்காடு தண்ணீர் வரை பழைய அமைப்பு நிலைத்தது. 51 விழுக்காட்டில்தான் சாதாரண நீர்க்கரைசலாக மாறியது.

கை பழகியபின் யூரியாவுக்குப் பதில் 18.4 கிராம் கிளிசரின் எடுத்துச் செய்யுங்கள். உப்பு சேர்ந்தால் கெட்டியாகும் என்றுதான் தோன்றும். தனிக் கிளிசரினையும் பக்கத்துக் குழாயில் ஊற்றி இரண்டிலும் குண்டைப் போட்டுப் பாருங்கள்: உப்புள்ளதில்தான் அது முதலில் அடியைத் தொடும்.