டொமெனிகீனோ வழியில் சுவரோவியத்துக்கு முன்வரைவு: புதிதாகத் தொடங்குவோருக்கு

ரோமின் சான் லூயிஜி தேய் பிரான்செசி தேவாலயத்தில், ஆதிகாலக் கிறித்தவத் தியாகியான புனித செசிலியாவின் வாழ்க்கையை இத்தாலிய ஓவியர் டொமெனிகீனோ 1612–15 காலத்தில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டினார். பூச்சு சில மணி நேரத்தில் இறுகிவிடும். அதன் பிறகு திருத்துவது கடினம். எனவே குழப்பத்தையெல்லாம் தாளிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய வரைபடங்கள் ஏராளமாக இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் உள்ளன. அந்த முறையில், 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுவருக்கு இப்படிச் செய்யலாம்.

முதலில் 30 × 20 செ.மீ. தாளில் மொத்தக் காட்சி. முகம், விரல் எதுவும் வேண்டாம்; யார் எங்கே நிற்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது போதும். செசிலியா ஆடைகளைத் தானம் செய்யும் சுவரில் அவள் மேலே மாடத்தில், ஏழைகள் கீழே முண்டியடிக்கிறார்கள். தூரத்திலிருந்தே கதை புரிகிறது.

அடுத்து ஒவ்வொரு உருவமும் தனித்தாளில். நீலம் அல்லது சாம்பல் நிறத் தாள், கறுப்புச் சாக்கட்டி, வெள்ளைச் சாக்கட்டி. முதலில் உடல், பிறகு அதன்மேல் துணி. துணியிலிருந்து தொடங்கினால் முழங்கால் இருக்கும் இடம் தெரியாமல் மடிப்புகள் அந்தரத்தில் தொங்கும். தாளின் நிறம்தான் நடுத்தொனி, அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட சாயல். வெள்ளையை வெளிச்சம் நேராக விழும் இடத்தில் மட்டும் வையுங்கள். கறுப்போடு கலந்து தேய்த்தால் சாம்பல் பூசினது போலாகிவிடும். கைகளுக்கு நேரம் கொடுங்கள், கதை சொல்வது அவைதான்.

உருவங்களை மொத்தக் காட்சியில் சேர்த்து, 2 செ.மீ. கட்டம் போடுங்கள்: 15 × 10, மொத்தம் 150. சுவரளவுத் தாளில் ஒரு கட்டம் 20 செ.மீ. ஆகும். தாள்களை ஒன்றன்மேல் ஒன்று 1 செ.மீ. ஏறும்படி வைத்து மைதாப் பசையால் ஒட்டலாம். மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். இரண்டும் சமமில்லை என்றால் கட்டம் சாய்ந்திருக்கிறது, உருவமும் சாயும். பெரிதாக்கியதும் பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும். சிறிய தாளில் தெரியாத தலைப் பிழை அங்கே பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, தாளை மெத்தென்ற கம்பளியின் மேல் விரித்து, கோடுகள்மேல் ஊசியால் துளையிடுங்கள்: முகத்தில் 3 மி.மீ., ஆடையில் 6 மி.மீ. இடைவெளி போதும். பின்புறப் பிசிறை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள், இல்லையென்றால் துளை மூடிக்கொள்ளும். ஒரு நாளில் தீட்டக்கூடிய அளவுக்குத் தாளை வெட்டி, அன்று பூசிய இடத்தில் மட்டும் வைத்து, கரித்தூள் கட்டிய மெல்லிய துணி மூட்டையால் தட்டுங்கள். தேய்க்கக் கூடாது, கோடு கலைந்துவிடும். வெட்டும் கோடு ஆடை விளிம்பிலோ நிழலிலோ போகட்டும்; கன்னத்தின் நடுவே போனால் பூச்சின் இணைப்பு காலத்துக்கும் தெரியும்.