செயின்சா வாங்கும்போது சிசியை மட்டும் பார்க்காதீர்கள்

சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கத்து இரும்புச் சாமான் கடைகளில், இந்தியாவிலுள்ள ஊர் வீட்டு விறகுக்காகச் செயின்சா (மரம் அறுக்கும் இயந்திர வாள்) தேடும் நம் தம்பிகள் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" என்றுதான். எண் பெரிதாக இருந்தால் வேலையும் வேகமாக முடியும் என்று நினைக்கிறார்கள். வீட்டு விறகுக்கு அந்தக் கணக்கு பணத்தையும் வீணாக்கும், இடுப்பையும் ஒடித்துவிடும்.

சிசி (கன சென்டிமீட்டர்) என்பது இன்ஜின் சிலிண்டரின் கொள்ளளவு மட்டுமே. ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 271, எம்எஸ் 261 இரண்டும் 50.2 சிசி. ஆனால் முதலாவது 2.6 கிலோவாட் சக்தி, 5.6 கிலோ எடை. இரண்டாவது 3 கிலோவாட், 4.9 கிலோ. எடை குறைந்து சக்தி கூடுவதால் விலையும் ஏறுகிறது. அது தினமும் மரம் வெட்டுகிறவர்களுக்கான மெஷின். ஆகவே ஒப்பிடும்போது கிலோவாட்டையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். கிலோவாட்டே எழுதாமல் சிசியை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பெட்டியை நான் தொடவே மாட்டேன்.

கிளைகளும் ஒரு சாண் கனமுள்ள கட்டைகளும்தான் என்றால் 30 சிசி போதும். வேம்பு, புளி, சீமைக்கருவேலம் எல்லாம் அறுக்க 40 முதல் 50 சிசி, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) தாராளம். 72.2 சிசி எம்எஸ் 381 வெறும் இன்ஜினாகவே 6.6 கிலோ. பார், செயின், பெட்ரோல் எல்லாம் சேர்ந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டு காலை முழுக்கக் குனிந்து நிற்க முடியுமா, யோசியுங்கள்.

சிறிய இன்ஜினில் நீள பார் மாட்டுவது இன்னொரு தவறு. செயின் திணறும், கிளட்ச் சூடாகும். அதைவிட மோசம், பாரின் நுனி பின்னால் கிடக்கும் கட்டையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். 16 அங்குல பாராலேயே இரண்டு பக்கமும் மாற்றி அறுத்தால் இரண்டடி கட்டையும் துண்டாகும்.

செயின் மழுங்கிவிட்டால் எந்த சிசியும் உதவாது. கீழே விழும் தூளைப் பாருங்கள்: சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது, மாவாகப் பறந்தால் இல்லை. சுழலும் செயின் ஒருமுறை மண்ணில் பட்டாலே கூர் போய்விடும்; கட்டைக்கு அடியில் ஒரு துண்டு மரம் வைத்து அறுங்கள். செயின் அளவுக்கேற்ற வட்ட அரம் வேண்டும்: கண்ணி அளவு .325 அங்குலமான செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், சிறிய மெஷின்களில் வரும் உயரம் குறைந்த 3/8 அங்குலச் செயினுக்கு 4. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமானால் அறுப்பு கோணலாகப் போகும். இங்கே தூங்குமூஞ்சி மரத்தில் வெண்ணெயாக இறங்கிய செயின், ஊரில் காய்ந்த கருவேலத்தில் சீக்கிரமே மழுங்கும். கருவேலத்தைப் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுவிடுங்கள், அப்புறம் காயட்டும்.

எண்ணெய்க் கலவையை நண்பரின் கணக்கில் ஊற்றாதீர்கள். 50:1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூஸ்ட்ரோக் எண்ணெய். 25:1 என்றால் 200. உங்கள் மெஷினுக்கு எது என்று கையேட்டில் இருக்கும். ஊர் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் ஈரத்தை இழுக்கும். வேலை முடிந்து மாதக்கணக்கில் வைப்பதானால் டேங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள்.

விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் இங்கே பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்க்கவே கூடாது. பெட்ரோல் வாடை இருந்தாலே பெட்டியை ஏற்ற மறுப்பார்கள். புதியதையும் ஏற்பார்களா என்று டிக்கெட் எடுத்த விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.